சாகாதவருடைய சொத்துக்கு நாம் வாரிசா?

ஜூன் 4 – ஒரு வாசகரின் கேள்வி

"நித்திய சுதந்தரம், பரம சுதந்தரம் (சுதந்தரம் என்றால் வாரிசாய்ப் பெறும் பங்கு) என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. சொத்துக்காரர் செத்தால்தான் வாரிசுக்குப் பங்கு. தேவனோ சாகமாட்டார். அப்படியானால் அவருடைய சொத்துக்கு நாம் வாரிசு என்று பவுல் எந்த அர்த்தத்தில் எழுதுகிறார்? அழகுக்காகச் சொன்ன வார்த்தைதான் என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள்."

ஜூன் 4, இரவு

அழகுக்காகச் சொன்னதில்லை. உடனே நினைவுக்கு வருவது எபிரெயர் 9. சாசனம் எழுதினவர் இறந்தால்தான் சாசனம் செல்லும் என்று 16, 17ஆம் வசனங்களில் இருக்கிறது. எழுதினவர் சிலுவையில் இறந்தார், சாசனம் நடைமுறைக்கு வந்தது. இறந்தவர் எழுந்தும் விட்டார், அதனால் தன் சாசனத்தைத் தானே நிறைவேற்றுகிறார். வேறு எந்த உயிலுக்கும் இந்த நிலை இல்லை. எழுதியவர் போன பிறகு மற்றவர்கள்தான் அதை வைத்து அடித்துக்கொள்வார்கள்.

ஜூன் 5

நேற்று எழுதியது சரிதான், ஆனால் உங்கள் கேள்வியின் ஓரத்தைத்தான் தொட்டது. எபிரெயர் 9 ஓர் இடம். வேதத்தில் சுதந்தரம் என்று வரும் மற்ற இடங்களைத் திறந்து பாருங்கள், பெரும்பாலானவற்றில் யாரும் சாவதே இல்லை.

கானான் தேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரவேலுக்கு அது சுதந்தரம். செத்துப்போன யாரிடமிருந்து வந்தது? உயிரோடிருக்கிற தேவன் கொடுத்தார், கொடுத்த பிறகும் உரிமையைக் கைவிடவில்லை. லேவியராகமம் 25:23 அதைச் சொல்கிறது: தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளுமாய் இருக்கிறீர்கள், ஆகையால் நிலத்தை அறுதியாய் விற்கக் கூடாது. ஐம்பதாம் வருஷம் யூபிலி வந்தால் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். பங்கு உன்னுடையது, நிலமோ அவருடையது. வாரிசு வந்துவிட்டார் என்பதற்காகச் சொத்துக்காரர் வெளியே போகவில்லை.

பங்கு சீட்டுப் போட்டு விழுந்தது. நீ சம்பாதித்தாய் என்ற பேச்சுக்கும் அங்கே இடமில்லை. ஆனால் விழுந்த பங்குக்குள் எழுந்து போய்க் குடியிருக்க வேண்டும். யோசுவா 18இல் ஏழு கோத்திரங்கள் தங்கள் பங்கை இன்னும் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறார்கள். எந்தமட்டும் அசதியாயிருப்பீர்கள் என்று யோசுவா கேட்கிறார்.

ஜூன் 5, பிறகு

ஆசரிப்புக் கூடார ஊழியத்துக்கு ஒதுக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியரை விட்டுவிட்டேன். இந்த விஷயத்தின் மையமே அவர்கள்தான்.

கோத்திரங்களெல்லாம் நிலம் வாங்குகின்றன. லேவி கோத்திரத்துக்கு மட்டும் நிலமில்லை. குடியிருக்க 48 பட்டணங்களும் அவற்றைச் சுற்றி வெளிநிலமும் கிடைத்தன (எண்ணாகமம் 35), அவ்வளவுதான். ஆரோனிடம் சொல்லப்பட்ட காரணம் எண்ணாகமம் 18:20இல் இருக்கிறது: உன் பங்கும் உன் சுதந்தரமும் நானே. உபாகமம் 10:9, யோசுவா 13:33 என்று இது திரும்பத் திரும்ப வருகிறது.

இங்கே கொடுக்கிறவரும் கொடுக்கப்படுகிறதும் ஒன்று. தேவன் தம்மிடமுள்ள எதையோ கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை, தம்மையே கொடுக்கிறார். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான், இனி எழுதுவதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். கொடுக்கப்படுவது ஒரு பொருளென்றால், அதை வைத்திருப்பவர் கையை விட்டு வரவேண்டும். கொடுக்கப்படுவது அவரே என்றால், அவர் செத்துப்போவதுதான் பங்கு கிடைக்காமல் போகும் ஒரே வழி.

சங்கீதம் 16:5-6ஐ இதோடு சேர்த்துப் படியுங்கள். கர்த்தர் என் சுதந்தரம், எனக்கு நேர்த்தியான இடங்களில் பங்கு கிடைத்தது என்கிறார் தாவீது. நிலம் அளக்கிற பேச்சை எடுத்துத் தேவனைப் பற்றிப் பேசுகிறார். புலம்பல் 3:24 இன்னும் கடினமான இடம். எருசலேம் எரிந்து, தேசம் கையை விட்டுப் போன பிறகு எழுதப்பட்டது. நிலமே போய்விட்டது, ஆனாலும் அந்த வாய் "கர்த்தர் என் பங்கு" என்கிறது. நிலமற்ற லேவியர் பேச்சை அன்றைக்கு ஜனம் முழுவதும் கடன் வாங்கிக்கொண்டது.

ஜூன் 9

உங்கள் கேள்வியைக் கிட்டத்தட்ட இதே வடிவில் ஒருவர் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துப் பதிலும் சொல்லியிருக்கிறார். தாமஸ் அக்வினாஸ், தன் இறையியல் தொகுப்பின் மூன்றாம் பாகத்தில், 23ஆம் கேள்வியில். தேவன் நம்மைப் புத்திர சுவிகாரம், அதாவது தத்து, எடுப்பது எப்படித் தகும், சுவிகாரம் எடுப்பது வாரிசுக்காக, வாரிசு என்றால் ஒருவர் போய் இன்னொருவர் வரவேண்டும், தேவன் போகமாட்டாரே என்று ஆட்சேபணை. அவர் பதிலின் சாரம்: சரீரத்துக்குரிய சொத்தை ஒரே நேரத்தில் பலர் முழுவதும் வைத்திருக்க முடியாது, அதனால் ஒருவர் போனால்தான் அடுத்தவருக்கு. ஆவிக்குரிய நன்மையைப் பலர் ஒரே நேரத்தில் முழுவதும் வைத்திருக்கலாம். எப்போதும் ஜீவிக்கிற பிதாவுக்கு எந்தக் குறைவும் வராமல், எல்லாப் பிள்ளைகளும் முழுச் சுதந்தரத்தையும் ஒன்றாய்ப் பெறுகிறார்கள்.

பாட்டை யோசித்துப் பாருங்கள். நூறு பேர் சேர்ந்து பாடினால் ஆளுக்கு நூற்றில் ஒரு பங்கு பாட்டா வருகிறது? ஒவ்வொருவருக்கும் முழுப் பாட்டு. அதுவும் தனியாகப் பாடினால் கிடைக்காத முழுமையோடு.

இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இதை யாரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இவ்வளவு நல்ல செய்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாமா?

ஜூன் 10

"பவுல் காலத்து ரோமச் சட்டத்தில் பிள்ளைக்குத் தகப்பன் இருக்கும்போதே உரிமை உண்டா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பவுலுக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியவர் காயஸ், 2ஆம் நூற்றாண்டின் ரோமச் சட்ட அறிஞர். வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதும்போது, தகப்பன் உயிரோடிருக்கையிலேயே அவர்கள் ஒருவகையில் உடைமைக்காரராக எண்ணப்படுகிறார்கள் என்கிறார். கையாள அதிகாரம் இல்லை. ஆனாலும் அந்நியர் இல்லை. தகப்பன் இறந்தபின் புதிதாக எதுவும் அவர்களிடம் வருவதில்லை, ஏற்கெனவே தங்களுடையதாக இருந்தது தொடர்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு கலாத்தியர் 4:1ஐப் படியுங்கள். சுதந்தரவாளி எல்லாவற்றுக்கும் எஜமான், ஆனால் சிறுபிள்ளையாயிருக்கும்வரை அவனுக்கும் அடிமைக்கும் வித்தியாசமில்லை என்கிறார் பவுல். அந்தக் காலத்துக் காதுகளுக்கு இது நாள்தோறும் கேட்ட வீட்டு விவகாரம். இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறார்: உனக்கு இப்போதே எல்லாம் உண்டு, இன்னும் உன் கைக்கு வரவில்லை.

எபேசியர் 1:14இல் ஆவியானவரை அச்சாரம் என்கிறார். அச்சாரம் என்பது கொடுக்கப்போகிற தொகையிலேயே முன்கூட்டிக் கொடுத்த ஒரு பகுதி. கொடுத்தவர் பின்வாங்க முடியாது. அப்படியானால் வரப்போவதும் இதே ஆவியின் நிறைவுதான், வேறு ஏதோ வெகுமதி அல்ல. லேவியர் பற்றி எழுதிய குறிப்போடு இதைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

ஜூன் 11

லூக்கா 15, இரண்டு மகன்களின் உவமை. இளையவன் தகப்பன் உயிரோடிருக்கும்போதே பங்கு கேட்கிறான். தகப்பன் இல்லாத சொத்து வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். தகப்பன் கொடுத்துவிடுகிறார். தகப்பனை விட்டுப் பிரித்து எடுத்த பங்கு தூரதேசத்தில் கரைந்து போகிறது.

என்னை அதிகம் வருத்துவது மூத்தவன். வீட்டை விட்டுப் போகவே இல்லை. ஆனால் இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேன், ஓர் ஆட்டுக்குட்டியும் தரவில்லை என்கிறான். கணக்கெல்லாம் கூலிக்காரன் கணக்கு. தகப்பனுடைய பதில் 31ஆம் வசனம்: மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது. அந்த வாக்கியத்தில் "என்னோடிருக்கிறாய்" முதலில் வருகிறது, "உன்னுடையது" பிறகுதான் வருகிறது. வரிசையை மாற்றிக் கேட்டால் இளையவன் செய்ததைத்தான் நாமும் செய்வோம்.

தம்பி திரும்பி வந்ததற்காக வைத்த விருந்துக்குள் மூத்தவன் போனானா என்று இயேசு சொல்லவில்லை.

ஜூன் 17

நான்கு நாளாகப் பலர் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறீர்கள், பூமியில் நடக்கிற பாகப்பிரிவினைக்கு. சரி, என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன்.

அப்பா இறந்தபின் நாங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து பாகம் பிரித்தோம். வெளியில் சண்டை இல்லை, யாரும் குரல் உயர்த்தவில்லை. ஆனால் அன்றைக்கு என் மனதுக்குள் ஓடியது எனக்குத் தெரியும். அக்கா பெயர் பட்டியலில் வந்ததும் நான் மனதில் வகுத்துப் பார்த்தேன், நான்கால் வகுத்தால் எவ்வளவு, மூன்றால் வகுத்தால் எவ்வளவு என்று. என்னைத் தூக்கி வளர்த்த அக்கா அந்த நொடியில் எனக்கு ஒரு வகுத்தி எண்ணாக ஆகிவிட்டார். அவர் தன் பங்கைப் பெற்றுக்கொண்டார், அது நியாயம். அந்த நொடி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

ரோமர் 8:17இல் "உடன் சுதந்தரர்" என்று படிக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். பூமியில் உடன் வாரிசு என்பவர் என் பங்கைக் குறைப்பவர். அன்பு இருக்கலாம், கணக்கு மாறாது. அங்கேயோ, என்னோடு கூட வருகிறவரால் எனக்கு ஓர் அணுவும் குறைவதில்லை. இதை நம்புகிறேன் என்று வாயால் சொல்வது எளிது. நம்பினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரை நான் பார்க்கிற விதமே மாறவேண்டும்.

அகுஸ்தீன் தேவனுடைய நகரத்தைப் பற்றிய நூலின் 15ஆம் புத்தகத்தில் இதைத் தொடுகிறார். ரோமுலுஸ் தம்பி ரேமுஸைக் கொன்றான், ரோமை ஆளும் பெருமையைப் பகிர்ந்தால் அது குறையும் என்பதால். காயீன் ஆபேலைக் கொன்றதில் அந்தக் காரணம்கூட இல்லை. நன்மையை வைத்திருப்பவரோடு இன்னொருவர் சேர்ந்தால் அது குறைவதே இல்லை, பகிர மறுக்கிறவனுக்குத்தான் அது கிடைக்காது, எவ்வளவு அன்பாய்ப் பகிர்கிறானோ அவ்வளவு பெரிதாய் வைத்திருப்பான் என்கிறார். அக்வினாஸ் நின்ற இடத்துக்கு அவரைவிட எண்ணூறு ஆண்டு முந்தியே வந்துவிட்டார்.

லூக்கா 12இல் ஒருவன் வந்து, பாகம் பிரித்துத் தரும்படி என் அண்ணன் தம்பியிடம் சொல்லும் என்று கேட்கிறான். இயேசு அந்த வேலையை ஏற்கவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரித்து, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்டின ஐசுவரியவானின் உவமையைச் சொல்கிறார்.

ஜூன் 26

ஒரு தம்பி கோபமாக எழுதியிருக்கிறார். கோபத்தில் நியாயம் இருக்கிறது. "நிலமில்லாதவனிடம் போய் 'தேவனே உன் பங்கு' என்று நிலம் வைத்திருப்பவன் சொல்வது எவ்வளவு வசதியானது! இதைச் சொல்லித்தானே எத்தனையோ பேரை வாயடைத்தார்கள்?"

வாயடைத்தார்கள். அதை மறுக்க மாட்டேன். லேவியரைப் பற்றி அவ்வளவு எழுதியவன் என்பதால் இதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது.

முதலாவது, "நானே உன் பங்கு" என்று சொன்னது தேவன். பக்கத்துக் கோத்திரத்தான் லேவியனைப் பார்த்துச் சொன்னதில்லை. பக்கத்துக் கோத்திரத்தானுக்கு வந்த கட்டளை வேறு: தசமபாகம் கொடு, லேவியனைக் கைவிடாதே (உபாகமம் 14:27-29). அதே வசனங்களில் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் லேவியனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறார்கள். தேவனையே பங்காகப் பெற்றவனுடைய சாப்பாட்டுக்கு மற்ற எல்லோரும் பொறுப்பு. ஆறுதல் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுப்பை விட்டுவிட்டவர்கள் பாதி வேதத்தைக் கிழித்துப் போட்டார்கள்.

இரண்டாவது, செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர்: மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள். எண்ணாகமம் 27இல் அவர்கள் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் முன்பாக நின்று, எங்கள் தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அவருடைய பேர் அற்றுப்போகலாமா, எங்களுக்குக் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மோசே அவர்களுக்குப் பரலோகத்தைக் காட்டி அனுப்பவில்லை. நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோனார். அவர்கள் பேசுவது சரி, கொடு என்று பதில் வந்தது. அதுவே சட்டமாயிற்று. பிறகு 36ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டுப்பாடு வருகிறது, சொந்தக் கோத்திரத்துக்குள்ளேதான் கலியாணம் பண்ண வேண்டும் என்று. அது எனக்கு உறுத்துகிறது, மூடி மறைக்க விருப்பமில்லை. ஆனால் யோசுவா 17இல் அந்தப் பெண்கள் மறுபடி போய்க் கேட்டு நிலத்தை வாங்கியும் விடுகிறார்கள்.

மூன்றாவது, நாபோத். ஆகாப் ராஜா அவருடைய திராட்சத்தோட்டத்தைக் கேட்டு, நல்ல விலை தருகிறேன், இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்கிறான். பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்க மாட்டேன் என்று அந்த மனிதர் நிற்கிறார், நின்றதற்காகக் கல்லெறிந்து கொல்லப்படுகிறார். கர்த்தர் எலியாவை அனுப்பியது யாருக்கு எதிராக? தோட்டத்தை விட்டுக்கொடுக்காத நாபோத்துக்கு எதிராக இல்லை. ஆகாபுக்கு எதிராக.

பூமியின் சுதந்தரத்தைப் பறிக்கிறவனுக்கு ஆவிக்குரிய சுதந்தரத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லை. தம்பி, உங்கள் கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள். எலியாவுக்கும் அது இருந்தது.

ஜூன் 27

அதே விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. கொலோசெயர் 3:24. "சுதந்தரமாகிய பலனைக் கர்த்தரால் பெறுவீர்கள்" என்று பவுல் எழுதுவது யாருக்கு? 22ஆம் வசனத்தைப் பாருங்கள், அடிமைகளுக்கு. தன் உடம்புமீதே உரிமை இல்லாதவர்கள், தகப்பன் சொத்துக்கு வாரிசாகும் தகுதி இல்லாதவர்கள். அவர்களைப் பார்த்து வாரிசு என்கிறார். பவுல் அடிமைமுறையை அந்த இடத்தில் ஒழிக்கவில்லை, அது நமக்கு வலிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே கூட்டத்தில் எஜமானும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். தன் அடிமை தன்னோடு உடன் சுதந்தரன் என்று காதில் விழுந்தபின் அவன் பழையபடி வீட்டுக்குப் போக முடியுமா?

ஜூலை 2

"சுதந்தரத்தை விசுவாசத்தால் இப்போதே உரிமை பாராட்டு, வீடும் வாகனமும் உன்னுடையது" என்கிற போதனையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், கொடுத்தால் பெருகும் என்று கேட்டு, சேமிப்பையெல்லாம் கொடுத்துவிட்டு, பெருகாதபோது தங்கள் விசுவாசம்தான் குறைவு என்று தங்களையே நொந்துகொண்டது. பணம் போனதைவிட அது கொடுமை.

ஆபிரகாமின் ஆசீர்வாதம் என்று அவர்கள் அடிக்கடி சொல்வார்கள். ஆபிரகாமையே கேட்போம். தேசம் முழுவதும் வாக்குத்தத்தமாய்ப் பெற்றவர். சாராள் இறந்தபோது அடக்கம் பண்ண ஓர் இடம் இல்லை. ஆதியாகமம் 23இல் ஏத்தின் புத்திரர் முன்பாக வணங்கி நின்று, நான் அந்நியனும் பரதேசியும் என்கிறார். மக்பேலா குகைக்காக எப்பெரோனுக்கு 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுக்கிறார். எப்பெரோன் சும்மா தருகிறேன் என்று சொல்லியும் வாங்கவில்லை. எல்லாம் என்னுடையது, தேவன் சொல்லிவிட்டார் என்று உரிமை பாராட்டவும் இல்லை. ஓர் அடி நிலமும் தேவன் அவருக்குச் சுதந்தரமாகக் கொடுக்கவில்லை என்று ஸ்தேவான் சொல்கிறார் (அப்போஸ்தலர் 7:5). வாக்குத்தத்தத்தை அவரைவிட உறுதியாய் நம்பினவர் யார்?

ஜூலை 3

இனி கடினமான கேள்வி: "இலவசம் என்கிறீர்கள். ஆனால் கலாத்தியர் 5:21, இப்படிப்பட்டவைகளைச் செய்கிறவர்கள் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்கிறதே. அப்படியானால் சம்பாதிக்க வேண்டியதுதானே?"

கலாத்தியர் 3ஐ எழுதின அதே கைதான் 5ஐயும் எழுதியது. 3இல், நியாயப்பிரமாணம் வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷம் பிந்தி வந்தது, அதனால் சுதந்தரம் அதிலிருந்து வரமுடியாது என்கிறார். இரண்டு அதிகாரம் தாண்டி அதை மறந்துவிட்டிருப்பாரா?

ஏசாவைப் பாருங்கள். மூத்த மகன், பங்கு அவனுடையது. அவன் தவறு செய்ததால் யாரும் அதைப் பறிக்கவில்லை. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு விற்றான். எபிரெயர் 12:16 அதைத்தான் எடுத்துக் காட்டுகிறது. சுதந்தரத்தைச் சம்பாதிக்க முடியாது, ஆனால் வேண்டாம் என்று சொல்ல முடியும். பவுல் பட்டியலிடுகிற காரியங்களில் பகைகளும் விரோதங்களும் பிரிவினைகளும் இருப்பதைக் கவனியுங்கள். உடன் சுதந்தரரை வெறுக்கிறவனுக்கு அவர்களோடு சேர்ந்து பெறுகிற சுதந்தரம் எப்படி இனிக்கும்? அவனுக்கு அது தண்டனையாகத்தான் தோன்றும்.

இதன்மேல் திருச்சபை பிளந்தது. பரலோக ராஜ்யம் வேலைக்காரருடைய கூலி அல்ல, பிள்ளைகளுடைய சுதந்தரம் என்றார் சீர்திருத்தவாதி கால்வின். நித்திய ஜீவன் பிள்ளைகளுக்கு இரக்கமாய் வாக்களிக்கப்பட்ட கிருபையும், நற்கிரியைகளுக்கு வரும் பலனும், இரண்டும்தான் என்றது 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம். 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அதில் லூத்தரன் தரப்பு நித்திய ஜீவனைத் தகுதியால் வராத பலன் என்றும், தேவன் தம் வாக்கை நிறைவேற்றுவது என்ற பொருளில்தான் அது பலன் என்றும் விளக்குகிறது. மெதடிஸ்டுகள் 2006இல் சேர்ந்தார்கள். சுதந்தரத்துக்காகச் சண்டையிட்ட பிள்ளைகள் ஒரே மேசையில் உட்கார 450 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உட்கார்ந்ததற்காக நான் சந்தோஷப்படுகிறேன்.

ஜூலை 15

தேவனே பங்கு என்று திரும்பத் திரும்ப எழுதிய பிறகு எனக்கே ஒரு தயக்கம் வந்தது. அப்படியானால் இந்தப் பூமி? சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரிப்பார்கள் என்று இயேசு சொன்னது வெறும் பேச்சா?

2ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகரின் ஆயராக இருந்த ஐரேனியஸ் இதைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டார். தேவன் ஆபிரகாமுக்கு இந்த நிலத்தை வாக்களித்தார். ஆபிரகாம் ஓர் அடியும் பெறாமல் இறந்தார். தேவன் பொய் சொல்லமாட்டார். ஆகவே உயிர்த்தெழுதலில் ஆபிரகாம் தன் சந்ததியோடு அதைப் பெறுவார் என்று வாதிடுகிறார். சரீரமும் பூமியும் கெட்டவை, ஆத்துமா தப்பித்து ஓடவேண்டும் என்று போதித்தவர்களுக்கு எதிராக எழுதியது அது. கிறிஸ்து பூமியில் ஆயிரம் வருஷம் ஆளுவார் என்ற அவருடைய கணக்கை ஏற்காதவர்களும் இந்த உள்ளுணர்வைத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. ரோமர் 8இல் உடன் சுதந்தரர் என்று சொன்ன உடனே பவுல் சர்வ சிருஷ்டியின் தவிப்பைப் பற்றித்தான் பேசுகிறார். வெளிப்படுத்தல் 21இல் நகரம் கீழே இறங்கி வருகிறது, நாம் மேலே ஏறிப்போவதாக இல்லை. 7ஆம் வசனத்தில் எல்லாவற்றையும் சுதந்தரித்துக்கொள்ளுவான் என்றும், நான் அவன் தேவனாயிருப்பேன் என்றும் ஒரே மூச்சில் வருகிறது. தேவனைப் பங்காய்ப் பெற்றவனுக்குப் பூமி மறுக்கப்படுவதில்லை. அவரில்லாமல் பூமியைப் பெற நினைப்பவனுக்குத்தான் அது கையில் நிற்பதில்லை.

எசேக்கியேல் 47:22-23ஐயும் பாருங்கள். புதிய பங்கீட்டில் உங்கள் நடுவே தங்கிப் பிள்ளைகளைப் பெற்ற அந்நியருக்கும் கோத்திரங்களோடு சுதந்தரம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. சிறையிருப்பில், நிலமிழந்த ஒரு மனிதர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. புறஜாதியாரும் உடன் சுதந்தரர் என்கிற எபேசியர் 3:6 அங்கிருந்து வெகுதூரத்தில் இல்லை.

ஜூலை 30

ஜூன் 9இல், ஒருவர் சேர்வதால் இன்னொருவருக்குக் குறையாது என்று எழுதினேன். எபிரெயர் 11:39-40 அதற்கும் மேலே போகிறது. ஆபேல் முதல் பெயர் தெரியாத சாட்சிகள்வரை எல்லோரும் நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையவில்லை, நம்மையல்லாமல் அவர்கள் பூரணராகக் கூடாது என்பதற்காக. ஆபிரகாம் காத்திருக்கிறார். யாருக்காக? நமக்காக, நமக்குப் பின் வருகிறவர்களுக்காக. பூமியில் வாரிசுகள் ஒருவரையொருவர் முந்தப் பார்ப்பார்கள். இங்கே முந்தி வந்தவர்கள் பிந்தி வருகிறவர்கள் இல்லாமல் உட்காருவதில்லை.

எபேசியர் 1:18இல் இன்னொன்று இருக்கிறது. பரிசுத்தவான்களிடத்தில் தேவனுக்கு உண்டான சுதந்தரம் என்று வருகிறது. அவருக்கும் சுதந்தரம் உண்டு, அது நாம். உபாகமம் 32:9இலும் அப்படித்தான்: கர்த்தருடைய ஜனமே அவருடைய பங்கு. பங்கு இரண்டு பக்கமும் ஓடுகிறது. லேவியன் கர்த்தரைப் பெறுகிறான், கர்த்தர் ஜனத்தைப் பெறுகிறார். இதைச் சொல்ல எனக்குத் துணிவு வராது. மோசேயும் பவுலும் சொல்லியிருப்பதால் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 12

ஒரு சகோதரி கேட்டிருப்பதற்குப் பதில் எழுதத் தாமதித்தேன். அவருடைய தாயாருக்கு ஞாபகம் முழுவதும் போய்விட்டது. ஜெபமும் நினைவில்லை, இயேசுவின் பெயரும் நினைவில்லை. "வாரிசு என்பதே தெரியாதவருக்கு வாரிசுரிமை நிற்குமா?" என்கிறார்.

என் அம்மாவும் கடைசியில் அப்படித்தான் இருந்தார். என்னை வேறு யாரோ என்று நினைத்து மரியாதையாகப் பேசுவார். நான் அவருடைய மகன் என்பது அவருக்குத் தெரியாததால் நான் மகனில்லாமல் போய்விட்டேனா? அந்த நாட்களில் 1 பேதுரு 1:4-5ஐத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று சிதறியிருந்த பரதேசிகளுக்கு எழுதின கடிதம். அழியாததும் மாசற்றதும் வாடாததுமாகிய சுதந்தரம் உங்களுக்காகப் பரலோகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று 4ஆம் வசனம் சொல்கிறது. அத்தோடு நின்றிருந்தால் எனக்குப் போதாது. சொத்து பத்திரமாக இருக்கிறது, சரி, வாரிசு வழியில் தொலைந்துபோனால்? 5ஆம் வசனம் அதற்கு வருகிறது: நீங்களும் தேவனுடைய பலத்தினாலே காக்கப்பட்டிருக்கிறீர்கள். சொத்தையும் காக்கிறார், வாரிசையும் காக்கிறார். விசுவாசத்தைக் கொண்டு என்று அந்த வசனத்தில் இருப்பது எனக்குத் தெரியும். அந்த விசுவாசத்தை அம்மா எண்பது வயதுவரை வைத்திருந்தார், வைத்திருக்கும் பலம் போனபோது அதைக் கொடுத்தவர் கையில் அது இருந்தது என்று நம்புகிறேன்.

சகோதரி, உங்கள் தாயாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் 16ஐச் சத்தமாகப் படியுங்கள். அவருக்குப் புரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அவருக்காக நீங்கள் படிக்கலாம், உடன் சுதந்தரருக்கு அந்த உரிமை உண்டு.